இரண்டு குடம்

எங்கள் சந்துக்கு முதன்முதலாக ஒரு அதிகாரி வந்து, "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டபோது நான் ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த குறடு அப்படியே நின்றுவிட்டது. வரி போட வந்தவனைப் பார்த்திருக்கிறேன். சாக்கடை மேல் போட்ட பலகையைப் பிடுங்க வந்தவனையும், ஓட்டுக் கேட்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன். என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டு அரசாங்கத்திலிருந்து ஒருவன் வந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சிதம்பரத்தில் கோயில் வீதியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே போன ஒரு சந்தில் எனக்குக் குடைக்கடை. புதுக்குடை விற்பேன், பழையதை ரிப்பேர் செய்வேன், மழையில்லாத மாதங்களுக்கு டார்ச் லைட்டும் பேட்டரியும் வைத்திருப்பேன். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. என் மனைவியின் அண்ணன் என்னோடு கடையில் கூட்டாக இருந்தார். அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிற மனுஷன். அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

சந்தின் நடுவில் ஒரு கிணறு. சுற்று வட்டாரத்தில் இருந்த மற்றக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் உப்புக் கரிக்கும், இது மட்டும் நல்ல தண்ணீர். கிணற்றை ஒட்டியே ஒரு சோடாக்கடை. அதை நடத்தியவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு பெண்மணி, எங்கள் எல்லோருக்கும் சோடா அக்கா. அவருடைய புருஷன் சோடா பிடிக்கும்போது பாட்டில் வெடித்து ஒரு கண்ணை இழந்தவர். அதற்குப் பிறகு மெஷின் பக்கமே வரமாட்டேன் என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அக்காதான் முகத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மெஷினைச் சுற்றினார். விடிந்ததிலிருந்து கிணற்றுக் கயிறு ஓயாது. பாட்டில் கழுவ, சோடா பிடிக்க, கலர் தயாரிக்க என்று ஒரு நாளைக்கு நாற்பது குடத்துக்குக் குறையாமல் இறைப்பார். அந்தக் கிணறு இல்லையென்றால் அந்தக் கடை இல்லை. இது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கடலூரிலிருந்து வந்திருந்த அந்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு பை, கூடவே டேப் பிடிக்க ஒரு ஆள். கோயில் வீதிக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற கடைத்தெருக்களைப் புதிதாக அமைக்கப் போகிறார்களாம். பாதையை அகலப்படுத்தி, சாக்கடை கட்டி, பக்கத்திலேயே சிமெண்டில் ஒரு மார்க்கெட் வரப்போகிறதாம்.

"இங்க இருக்கிறவங்க சொல்றத வச்சுத்தான் வரையப் போறோம். அதான் மொதல்ல உங்களையே கேக்குறேன்" என்றார்.

கேட்காமலே இடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எதற்குக் கேட்கிறார்கள்? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பாத்திரக் கடைக்காரர் டீ சொல்லி அனுப்பினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தார் அந்த அதிகாரி. குடித்துவிட்டுக் காசு கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லியும் பலகை மேல் வைத்துவிட்டு வந்தார். காசு கொடுத்துக் குடிக்கிற அதிகாரியை அதுவரை நான் பார்த்ததில்லை. ரொம்ப மோசமான ஆளாக இருக்க வேண்டும் என்று மச்சானிடம் மெதுவாகச் சொன்னேன்.

கடை கடையாக ஏறினார். வியாபாரம் எப்படி, எந்தெந்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள், வண்டி எங்கே நிறுத்துகிறார்கள், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். எழுதுகிறவன் முன்னால் எங்கள் சந்தில் யாருக்கும் வாயில் உண்மை வராது. முந்தின வாரம்தான் கல்யாண சீசனில் மூச்சுவிட நேரமில்லை என்று பீற்றிக்கொண்ட பாத்திரக் கடைக்காரர், "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன் சார்" என்றார். தையல்காரர், பட்டன் தைக்கத்தான் ஆள் வருகிறது என்றார். நான் மட்டும் குறைந்தவனா? "மழை பெஞ்சா நாலு பேரு வருவாங்க சார், மத்த நாள்ல சும்மாதான் குந்திக்கினு இருக்கேன்" என்றேன். அப்போது என் முன்னால் ரிப்பேருக்கு வந்த குடைகள் குவியலாகக் கிடந்தன. அவர் குவியலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அக்கா கடைக்குப் போனபோது நான் என் கடை வாசலில் நின்று கவனித்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடம்மா எடுப்பீங்க?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார், நான் படித்துச் சொன்னால் அதுதான் அவருக்கு வேதம். இந்தக் கேள்வி தண்ணீர் வரிக்குத்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கன்னத்தைச் சொறிவதுபோல இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு குடம் சார்" என்றார் அக்கா.

"ரெண்டா?"

"ரெண்டுதான் சார். ஜாஸ்தி எடுக்கிறதில்ல."

சொட்டச் சொட்ட ஈரமாக ராட்டினத்தில் தொங்கிய கயிற்றை அந்த ஆள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கழுவி அடுக்கியிருந்த பாட்டில்களையும் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் முழுக்க எங்களுக்குச் சிரிப்புத்தான். ரெண்டு குடம் தண்ணீரில் ஊருக்கே சோடா கொடுக்கிற கைராசி அக்காவுக்கு என்று பாத்திரக் கடைக்காரர் கிண்டல் செய்தார். அக்காவும் சிரித்தார். அரசாங்கத்தை ஏய்த்த சந்தோஷம் எல்லோர் முகத்திலும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. என்னைப் பெற்ற அத்தாவிடம் ஒரு சொந்தக்காரர் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அத்தா நம்பிப் போட்டார். அது பாகத்தை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். பரங்கிப்பேட்டை வீட்டில் இருந்த எங்கள் பாகம் அந்த ஒரு கையெழுத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாள் என்றாலே பாம்பைப் பார்த்த மாதிரிதான்.

சில மாதம் கழித்துத் தண்டோரா போட்டார்கள். நகராட்சி ஆபீஸில் வரைபடம் மாட்டியிருக்கிறது, எல்லோரும் வந்து பார்க்கலாம், கருத்தோ ஆட்சேபணையோ இருந்தால் அங்கே வைத்திருக்கிற புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம், முப்பது நாள் தவணை என்று கூவிவிட்டுப் போனார்கள். மறுநாளே நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பார்த்தோம். எங்கள் சந்து அதில் ஒரு விரல் நீளம் இருந்தது. புதுப் பாதைக்கான ஒரு கறுப்புக் கோடு கிணறு இருக்கவேண்டிய இடத்தின் மேலேயே நேராகப் போனது. கீழே மேஜையில் கயிறு கட்டிய பேனாவோடு புதுப் புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் என் கடையில் கூடினோம். மச்சான்தான் முதலில் பேசினார். "கெணறு போவக்கூடாதுன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு வந்துடலாம் மச்சான். இன்னா கொறஞ்சிடப்போவுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களமாரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் அவனுங்களுக்குக் கொண்டாட்டந்தான் மச்சான். அந்தப் புக்குல கையெழுத்துப் போட்டா இன்னா அர்த்தம்? மேப்பப் பாத்தோம், வெவரம் தெரிஞ்சிக்கிட்டோம்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். நாளைக்கு நாம கோர்ட்டுக்குப் போனா, இந்தா உன் கையெழுத்துன்னு நீட்டுவான். கையெழுத்தே இல்லன்னா நம்பள அசைக்க முடியாது."

சந்துக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர் நீங்கள் என்றார் தையல்காரர். உச்சி குளிர்ந்து போனது எனக்கு. யாரும் எழுதுவதில்லை என்று முடிவாயிற்று.

இரண்டு நாள் கழித்து அக்கா தனியாக வந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "பாய், மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும். கெணத்த மட்டும் வுட்டுடுங்கன்னு நீங்க ஒரு வரி எழுதுங்களேன். நான் கைநாட்டு வக்கிறேன். என் ஒருத்தி பேருக்குத்தான்" என்றார்.

"ரெண்டு குடம்னு சொன்னது நீங்கதானேக்கா? இப்ப கெணறு இல்லாட்டி பொழப்பே இல்லன்னு எழுதினா அவன் வுடுவானா? பொய் சொன்னீங்கன்னு மொதல்ல ஒங்களத்தான் புடிப்பான். வரியும் போடுவான், கேசும் போடுவான். பேசாம இருங்க."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதான் பாய்" என்று சொல்லிவிட்டு மெஷினைச் சுற்றப் போய்விட்டார். அந்த மெஷினின் கடகடச் சத்தம் அன்று என்னை என்னவோ செய்தது. ஆனாலும் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு அப்போது ஒரு துளி ஐயமும் இல்லை. எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்ட நான் என் மேல் மட்டும் சந்தேகப்படவில்லை.

தவணை முடியும் நாள் நெருங்க நெருங்க எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் போனது. பாத்திரக் கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போனார் என்றால் நகராட்சி ஆபீஸுக்குத்தான் என்று தையல்காரர் சொன்னார். தையல்காரர் ரகசியமாக எழுதிவிட்டார் என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னார். கடைசி நாள் எனக்கே பொறுக்கவில்லை. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருந்தார்கள். அது தவிர ஒரு எழுத்து இல்லை.

"எழுதப் போறீங்களா?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

"சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

எல்லோரும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சந்துக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் என் செலவில் கலர் வாங்கிக் கொடுத்தேன். அக்கா அந்தக் கிணற்றில் இறைத்து, குளிரக் குளிரக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த தை மாதம் சிவப்புப் பெயிண்டோடு ஆட்கள் வந்து கடைச் சுவர்களில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மாசியில் லாரியில் உடைந்த செங்கல் வந்தது. கிணற்றில் கொட்ட ஆரம்பித்தபோது முதலில் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது, நேரம் ஆக ஆகச் செங்கல் மேல் செங்கல் விழுகிற சத்தமாக மாறிவிட்டது. கொட்டுவதற்கு முன்னாலேயே அக்கா ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார். அதைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"கோர்ட்டுக்குப் போலாமில்ல பாய்? நம்ப கையெழுத்துதான் எங்கயும் இல்லியே."

நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். நான் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மறுநாள் காலை ரயிலில் கடலூருக்குப் போனேன்.

முதுநகர் ஸ்டேஷனில் இறங்கி, அவருடைய ஆபீஸ் இருந்த மஞ்சக்குப்பத்துக்குப் பஸ் பிடிக்கும்வரை என் மனதில் ஒரே எண்ணம்தான் ஓடியது. யாரோ லஞ்சம் வாங்கியிருக்கிறார்கள். கோடு அவ்வளவு நேராகக் கிணற்றின் மேல் போவதென்றால் அதனால் யாருக்கோ லாபம் இருக்க வேண்டும். சந்துக்கு வந்து எழுதிக்கொண்டு போன அந்த அதிகாரியை நேருக்கு நேர் கேட்டு முகத்திரையைக் கிழித்துவிட்டு வருவது என்று கிளம்பியிருந்தேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "குடைக்கடைதானே? உக்காருங்க" என்றார். கிணறு என்று ஆரம்பித்ததுமே எழுந்துபோய் ஒரு பெரிய சுருளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். எங்களுக்கு மாட்டிக் காட்டியது இதைப் பார்த்து வரைந்த நகல், இதுதான் அசல் என்றார். கறுப்புக் கோடு அதிலும் இருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலில் இன்னொரு கோடு புள்ளி புள்ளியாக வந்து, கிணற்றுக்குக் கிட்டே வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்ந்தது. ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. படித்து அர்த்தம் சொன்னார். "கிணறு. தினம் இரண்டு குடம் என்கிறார்கள். நம்பும்படி இல்லை. ஆட்சேபணை வந்தால் புள்ளிக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம்."

இங்கிலீஷை நான் சந்தேகப்படலாம். புள்ளிக்கோட்டை என்ன செய்வது? நான் வருகிறேன் என்று தெரிந்து இப்போது போட்டிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் வேறு பக்கம் திரும்பியபோது நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். பென்சில் மங்கித் தாளோடு ஊறிப்போயிருந்தது. பழைய கோடுதான்.

"ஈரக் கயித்தப் பாத்தேன். பாட்டிலயும் பாத்தேன்" என்றார் அவர். "ஆனா நான் பாத்தத வச்சு மேல வாதாட முடியாது. நீங்க சொன்னாத்தான் முடியும். அதுக்குத்தான் முப்பது நாள் புத்தகம் வச்சது. யாராவது ஒருத்தர் ஒரு வரி எழுதியிருந்தா போதும். கடைசி நாள் வரைக்கும் ஃபோன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கருத்து எதுவும் வரல, பொதுமக்கள் சம்மதம்னு முடிச்சிட்டாங்க." பிறகு என்னைப் பார்த்து, "ஏன் எழுதல?" என்று கேட்டார்.

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "படிப்பு இல்லாத ஜனங்க சார்" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

திரும்பும்போது ரயிலில் அந்த முகத்தையே நினைத்து அதில் ஒரு களவைத் தேடிக்கொண்டு வந்தேன். கிடைத்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது, எங்கள் பரங்கிப்பேட்டையும் போனது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்கா என் கடையிலேயே காத்திருந்தார். மச்சான் ஒரு குடையை மடியில் வைத்துத் துணி தைத்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுக்கெல்லாம் போவ முடியாதுக்கா. தவண முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேட்டார். "நாம அன்னிக்கு எழுதியிருந்தா வுட்டிருப்பானா பாய்?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். ஆமாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

"எழுதியிருந்தாலும் இடிச்சிருப்பான்கா. எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் நம்பள வந்து கேட்டிருக்கானுங்க."

"அதானே" என்றார் அக்கா. அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க மொதல்லயே சொன்னீங்க. நாந்தான் கைநாட்டு வக்கிறேன்னு ஒங்கள வந்து தொந்தரவு பண்ணேன்."

மச்சான் தைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் யார் எது சொன்னாலும் நம்புகிறவர் என்றேன் அல்லவா, அன்று என்னை நம்பவில்லை.

புது மார்க்கெட்டில் எங்களுக்குப் பின்வரிசையில் சின்னச் சின்னக் கடைகளாகக் கொடுத்தார்கள். மந்தமான வியாபாரம் என்று நாங்களே சொல்லியிருந்தோமே. அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அங்கே ஒரு குழாய் இருந்தது, காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதில் ஐந்தாறு குடம் பிடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். ஒரு கோடைகாலம் தாக்குப்பிடித்தார். அடுத்த மழைக்கு முன்னால், குமராட்சிப் பக்கம் தன் அண்ணன் ஊருக்கே போய்விடுவதாக முடிவு செய்தார். அங்கே நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகலாம் என்றார். ஒற்றைக் கண் புருஷனும் கூடக் கிளம்பினார்.

போவதற்கு முதல் நாள் என் கடைக்கு வந்தார். சோடா மெஷினைப் புவனகிரிக்காரர் ஒருவர் வாங்குகிறாராம், அவர் எழுதிக்கொண்டுவந்த தாளை என்னிடம் நீட்டினார். வாங்குகிறவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"ஒழுங்கா எழுதியிருக்கேன்னு அவுரு சொல்றாரு பாய். நான் நம்புவனா? எங்க பாய் படிச்சுச் சொன்னாத்தான் கைநாட்டு வப்பேன்னு இட்டாந்துட்டேன்."

தாளை வாங்கி மூன்று தடவை படித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. மை டப்பாவைத் திறந்து அக்கா பக்கம் நகர்த்தி, "வைங்கக்கா" என்றேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை, நான் காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்தினார்.